காமன் கூத்தில் பாடப் போகிறீர்களா? தொண்டையைப் பாருங்கள்

மாசி அமாவாசை கழிந்ததும் இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில், மன்மதனைச் சிவன் எரித்த கதையை ஆடிப் பாடும் காமன் கூத்து களைகட்டத் தொடங்கிவிடும். ரதியோ மன்மதனோ, வேடம் கட்டுகிறவர் பாடவும் வேண்டும், ஆடவும் வேண்டும். கடைசி இரவு என்றால் விடிய விடிய. நுவரெலியாப் பக்கம் பெப்ரவரி இரவுகளில் குளிர் 10 பாகைக்கும் கீழே இறங்குவதுண்டு.

கூத்துக்கு அடிக்கும் தப்பு என்ற பறையின் தோல் பனியில் தளர்ந்துவிடும். நெருப்பில் காய்ச்சியதும் விறைத்துக்கொண்டு சத்தம் கணீரென்று எழும். அந்த நேரம் பார்த்துத் தப்போடு போட்டி போட்டுக் கத்தினால் நடுச்சாமத்துக்குள் குரல் கட்டிவிடும். அடி ஓய்கிற இடத்தில் வரியை எடுங்கள். தப்படிக்கும் அண்ணனிடம் ஒத்திகையிலேயே சொல்லி வைத்தால் பாட்டு வரும்போது கொஞ்சம் அடக்கி வாசிப்பார். தோல் காய்ச்சும் நெருப்பு கதகதப்பாகத்தான் இருக்கும், ஆனால் அந்தப் புகை தொண்டைக்கு எமன். தள்ளியே நில்லுங்கள். அப்புறம், ஆடி வேர்த்த உடம்போடு பனியில் உட்கார வேண்டாம், கம்பளியைப் போர்த்திக்கொள்ளுங்கள்.

குடிக்க வெந்நீர் போதும். இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்டீயும் சரிதான். "குளிருக்கு ஒரு மடக்கு" என்று எப்படியும் ஒருவர் போத்தலை நீட்டுவார். அதைக் கூத்து முடிந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம்.