படத்தைக் காட்டுங்கள், கதையை அப்புறம் சொல்லுங்கள்

ஞாயிறு காலைகளில் எங்கள் சிறு குழு கேமராவோடு சென்னையைச் சுற்றும். ஒன்பது மணி வாக்கில் ஏதாவது ஒரு டீக்கடையில் ஒதுங்கி, அன்றைய படங்களை ஒருவருக்கொருவர் காட்டிக் கருத்துக் கேட்போம். புதிதாக வருகிறவர்கள் அங்கே செய்யும் தவறுகளையெல்லாம் பார்த்தால் பத்து வருடத்துக்கு முந்தைய என்னையே பார்ப்பது போலிருக்கும். மனம் நோகப் பேசாதீர்கள், குறை சொன்னால் கோபப்படாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், விட்டுவிடுகிறேன். படம் காட்டுவதிலும் கருத்துச் சொல்வதிலும் நடக்கும் மற்ற தவறுகள் இவை.

வாட்ஸ்அப்பில் வந்த படத்தை வைத்து ஷார்ப்னஸ் பேசுவது

24 மெகாபிக்சல் படத்தின் நீளப் பக்கம் 6000 பிக்சல். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்கிவிடும். அதைப் போய் இரண்டு விரலால் பெரிதாக்கி, "போகஸ் போயிடுச்சே தம்பி" என்று ஒருவனிடம் சொல்லித் தொலைத்தேன். பாவம், லென்ஸை சர்வீஸுக்கே கொடுத்துவிட்டான். லென்ஸில் ஒரு கோளாறும் இல்லை. படம் சுருங்காமல் வர, டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும்.

படத்துக்கு முன்னால் கதை

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான், காரணம் காசு கொடுத்துக் கற்ற பாடம்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அது முடிந்து விசைப்படகுகள் மீனோடு திரும்பத் தொடங்கிய ஒரு விடியற்காலையில் காசிமேட்டில் நின்றிருந்தேன். ஏலச் சத்தத்துக்கு நடுவே ஒரு பாட்டி கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்து ரூபாய் நோட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். பேச்சுக் கொடுத்தேன். இரண்டு மாதமாக வருமானம் இல்லை, பேத்திக்கு ஸ்கூல் பீஸ் பாக்கி, அன்றைக்குத்தான் கையில் காசு பார்க்கிறாராம். படம் எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு எடுத்தேன்.

அடுத்த ஒரு மாதம், கண்ணில் படுகிறவர்களிடமெல்லாம் அந்தப் படத்தைக் காட்டினேன். போனை நீட்டும் முன்பே ஆரம்பித்துவிடுவேன்: "இந்தப் பாட்டி இருக்காங்களே, ரெண்டு மாசமா..." கேட்டவர்கள் உருகினார்கள். ஒருவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அவ்வளவையும் நம்பி, 20க்கு 30 அங்குலத்தில் பிரிண்ட் போட்டு, பிரேம் மாட்டி, ஆறாயிரத்துச் சொச்சம் செலவழித்து ஒரு கண்காட்சியின் தேர்வுக்குக் கொண்டுபோனேன். தேர்வுக் குழுவில் இருந்த பெரியவர் அதன் முன்னால் மூன்று விநாடி நின்றிருப்பார். "ஐஸ் பெட்டியைப் பத்தின படமா தம்பி?" என்றார்.

அப்போதுதான் நானும் படத்தை ஒழுங்காகப் பார்த்தேன். பாட்டி நிழலில், மங்கிய பழுப்புச் சேலையில். அவருக்குப் பின்னால் இடது ஓரத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு தெர்மகோல் பெட்டி. இருட்டான படத்தில் இப்படி ஒன்று பளிச்சென்று இருந்தால் கண் நேரே அங்கேதான் ஓடும். நோட்டுகளோ விரல்களுக்குள் மறைந்து ஏதோ கந்தல் துணி போலத் தெரிந்தன. பேத்தியும் இல்லை, பீஸும் இல்லை. ஊரே பாராட்டியது என் வாயிலிருந்து வந்ததைத்தான். எடுக்கும்போது இரண்டடி இடப்பக்கம் நகர்ந்திருந்தால் பெட்டி படத்துக்கு வெளியே போயிருக்கும். முதல் வாரமே ஒருவராவது இதைச் சொல்லியிருந்தால் மறுபடி காசிமேட்டுக்குப் போயிருப்பேன். அவர்களைச் சொல்லவிட்டால்தானே.

இப்போது டீக்கடையில், போனைக் கொடுப்பவர் வாயைத் திறக்கக் கூடாது. பார்ப்பவரிடம் இரண்டு கேள்வி கேட்போம்: கண் முதலில் எங்கே போனது? இங்கே என்ன நடக்கிறது என்று தோன்றுகிறது? பதில் வந்த பிறகு எவ்வளவு கதை வேண்டுமானாலும் சொல்லலாம். பத்திரிகைப் படத்துக்குக் கீழே இரண்டு வரி போடுவார்களே என்று ஒரு தம்பி வாதாடினான். போடுவார்கள்தான். ஆனால் படம் ஆளைப் பிடித்து நிறுத்தினால்தான் அந்த இரண்டு வரியைப் படிக்கவே குனிவார்கள்.

ரூல் ஆஃப் தேர்ட்ஸைத் தூக்கி அடிப்பது

படத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் மும்மூன்றாகப் பிரித்து, முக்கியமானதை நடுவில் வைக்காமல் அந்தக் கோடுகளில் வை என்பதுதான் ரூல் ஆஃப் தேர்ட்ஸ். இந்தப் பெயரில் விதியை 1797-இல் எழுதிவைத்தவர் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஓவியர். அவர் பேசியது நிலக்காட்சி ஓவியத்தைப் பற்றி. அப்போது புகைப்படமே கிடையாது. "ஆள் நடுவில் இருக்கிறார், தப்பு" என்பது கருத்தாகாது. நடுவில் இருப்பதால் எது கெட்டது? அவர் பார்க்கும் திசையில் இடம் இல்லையா, வலப்பக்கம் வெறுமனே கிடக்கிறதா? அதைச் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள்.

இன்றைக்கு முடிவதையும் முடியாததையும் கலப்பது

கிராப் (ஓரங்களை வெட்டுவது), வெளிச்சம், கலர் எல்லாம் இன்றே மாற்றலாம். நின்ற இடம், லென்ஸ், ஷட்டரை அழுத்திய நொடி எல்லாம் அடுத்த முறைக்கு. இரண்டையும் ஒரே மூச்சில் கொட்டினால் புதியவர் தலையைத் தலையை ஆட்டுவார், வீட்டுக்குப் போய் கலரை மட்டும் ஏற்றுவார்.

"என்ன கேமரா?"

இது கருத்தே இல்லை.

கேட்காமல் எடிட் செய்து திருப்பி அனுப்புவது

வேண்டாம்.

வந்த கருத்தையெல்லாம் அப்படியே செய்வது

மயிலாப்பூர் அறுபத்துமூவர் விழாவில் எங்கள் குழுப் பெண் ஒருத்தி அப்பாவின் தோளில் உட்கார்ந்திருக்கும் குழந்தையை எடுத்திருந்தாள். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, அழகான படம். கூட்டம் அதிகம், கிராப் பண்ணு என்றார் ஒருவர். கறுப்பு வெள்ளையாக்கு என்றார் இன்னொருவர். இரண்டையும் செய்து மறுவாரம் கொண்டுவந்தாள். குழந்தைக்கு ஏதோ தலைவலி போலிருந்தது.

"போன வாரம் பக்கத்திலே பெரிய மேளத்தோட கயிலாய வாத்தியக்காரர் ஒருத்தர் இருந்தாரே?" என்று கேட்டேன்.

"அவரைத்தாண்ணா கிராப் பண்ணச் சொன்னாங்க."

அசல் எங்கே என்று கேட்டேன். மாற்றியதை அதே பெயரில், அதன் மேலேயே சேமித்திருந்தாள். கேமராவின் மெமரி கார்டையும் பார்மட் செய்து, அதாவது முழுசாக அழித்து, நாலு நாள் ஆகியிருந்தது.