ஸ்கானர் கொம்பியூட்டரில் கை வைக்காமல் எங்கள் மென்பொருளைச் சேர்ப்பது

கிளிநொச்சிப் பக்கம் சி.ரி. ஸ்கான் அறையில் வேலை செய்யும் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணா, படத்தின் இரைச்சலைக் குறைக்க நாங்களே எழுதும் மென்பொருளுக்காக, மெஷினிலேயே பைத்தன் நிரல்மொழியைப் போடலாமோ?"

வேண்டாம். அந்தக் கொம்பியூட்டரும் ஸ்கானரின் ஒரு பகுதிதான். கம்பனி சோதித்துத் தந்தபடியே இருக்கட்டும். ஏதும் குழம்பினால், கொழும்பிலிருந்து இன்ஜினியர் ஏ9 வீதியால் வந்து சேரும்வரை நோயாளர்கள் வாங்கிலில் இருக்கவேண்டியதுதான். பக்கத்தில் இன்னொரு கணினியை வைப்போம்.

1. அதில் ஓர்தாங்க் (Orthanc) மென்பொருளை நிறுவுங்கள்; ஸ்கான் படங்களை வாங்கிச் சேமித்து வைக்கும் சேவர் அது. பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழக வைத்தியசாலையில் உருவானது, இலவசம். படங்களை 4242 போர்ட்டில் (கணினியின் வலையமைப்பு வாசல் எண்) வாங்கும். பிரவுசரில் பார்க்க 8042. யூபிஎஸ் இல்லாமல் தொடங்கவேண்டாம், எங்கள் ஊர்க் கரண்டை நம்பமுடியாது.

2. ஸ்கானரின் அனுப்பும் பட்டியலில் இந்தக் கணினியின் ஐபி முகவரி, போர்ட், ஏஇ பெயர் (படம் அனுப்பும்போது கருவிகள் ஒன்றையொன்று அடையாளம் காணும் பெயர்) மூன்றையும் சேர்க்கச் சொல்லுங்கள். பெயர் 16 எழுத்துக்குள் இருக்கவேண்டும். இதைச் செய்பவர் இன்ஜினியர், நீங்களல்ல.

3. இனித்தான் வேலை. பைத்தனில் ஸ்கான் படக் கோப்புகளை வாசிக்கும் பைடைகொம் (pydicom) நூலகத்தால் படத்தைத் திறந்தால் பெரும்பாலும் 512க்கு 512 எண்கள் இருக்கும். அவற்றை, படக் கோப்பிலேயே இருக்கும் ரீஸ்கேல் ஸ்லோப் (Rescale Slope) என்ற எண்ணால் பெருக்கி, இன்டர்செப்ட் (Rescale Intercept) என்ற எண்ணைக் கூட்டுங்கள். அப்போதுதான் சி.ரி. படத்தில் அடர்த்தியைக் காட்டும் ஹவுன்ஸ்ஃபீல்ட் அளவு கிடைக்கும்: தண்ணீர் 0, காற்று -1000. உடம்புக்கு வெளியே உள்ள காற்றில் -1000க்குக் கிட்ட வராவிட்டால் எங்கோ பிழை.

புள்ளி புள்ளியான இரைச்சலைக் குறைக்க மீடியன் வடிகட்டி போதும்: ஒவ்வொரு புள்ளியிலும், அதையும் சுற்றியுள்ளவற்றையும் வரிசைப்படுத்தி நடு எண்ணை வைப்பது. 3க்கு 3 கட்டத்தில் 40, 42, 38, 41, 310, 43, 40, 37, 39 இருக்கிறது என்று வையுங்கள். வரிசைப்படுத்தினால் நடுவில் 40; நடுக் கட்டத்து 310 போய் 40 வந்துவிடும். அழகுதான். ஆனால் அந்த 310 உண்மையிலேயே ஒரு சின்னச் சுண்ணாம்புப் படிவாக இருந்தால்? அதனால் மூலப்படம் எப்போதும் டொக்டர் முன்னால் இருக்கவேண்டும்.

4. திருத்திய படத்துக்குப் புதிய தொடர் அடையாள எண்ணும் (Series Instance UID) புதிய பட அடையாள எண்ணும் (SOP Instance UID) கொடுத்து, 'மூலப்படத்திலிருந்து பெறப்பட்டது' (DERIVED) என்று குறித்து ஓர்தாங்குக்கே திருப்பி அனுப்புங்கள். நான் ஒருமுறை பழைய எண்ணோடேயே அனுப்பினேன். சேவர் இருந்த படத்தையே வைத்துக்கொண்டது; வடிகட்டி வேலை செய்யவில்லை என்று ஒரு பின்னேரம் முழுக்கத் தலையைப் பிய்த்தேன்.

முதல் வாரம் நோயாளர் படம் வேண்டாம். தினச் சோதனைக்கு எடுக்கும் தண்ணீர் உருளையின் படத்தையே கேட்டு வாங்குங்கள். அதில் எவருடைய பெயரும் இராது.