தனக்குத்தானே பேசும் பிள்ளையிடம் செய்யக் கூடாதவை

இந்த ஜூனில் எங்கள் எல்.கே.ஜி.க்கு இரண்டு புது டீச்சர்கள் வந்திருக்கிறார்கள். பதினெட்டு வருஷத்துக்கு முன் நான் அடித்த அதே கூத்தை அப்படியே அடிக்கிறார்கள். அடிக்காதே, கேலி செய்யாதே என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

‘பேசாம எழுது’

இன்னும் என்னை எரிச்சல்படுத்துவது இதுதான். ‘சுழி… வளைச்சு… இப்ப கோடு… கீழ இழு’ என்று முணுமுணுத்தபடி ஒரு பையன் ‘அ’ எழுதிக்கொண்டிருந்தான். நானோ கைகட்டி வாய்பொத்திப் படித்தவள். வாயில் விரல் வைக்கச் சொன்னேன். ஒரு கை வாய்க்குப் போனது. சிலேட்டைப் பிடிக்கக் கை இல்லை. கோடு பாதியில் நின்றது. மறுநாளும் அப்படியே. பேச்சை நிறுத்தியதால்தான் எழுத்தும் நின்றது என்று எனக்கு உறைக்கவில்லை. ரிப்போர்ட் கார்டில் ‘கவனம் இல்லை’ என்று எழுதிவிட்டேன். அடுத்த வருஷ டீச்சர் அதைப் படித்துவிட்டு அவனைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார்.

சுவிட்சர்லாந்து உளவியலாளர் பியாஜே 1923இல் வந்த தன் புத்தகத்தில், பிள்ளை தனக்குத்தானே பேசுவது தன்னை மட்டுமே மையமாகப் பார்க்கும் வயதின் பேச்சு, வளர வளர மறைந்துவிடும் என்றார். ரஷ்யாவின் உளவியலாளர் வைகாட்ஸ்கி ஒப்பவில்லை. படம் வரையும் பிள்ளைக்கு வேண்டிய பென்சிலோ தாளோ கிடைக்காதபடி செய்து பார்த்தார். தனக்குத்தானே பேசுவது ஏறக்குறைய இரண்டு மடங்கானது. வேலை சிக்கலானால் பிள்ளை பேச்சைத்தான் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பேச்சு மறைவதில்லை. முணுமுணுப்பாகி, உதட்டசைவாகி, பள்ளி வயதில் உள்ளே போய் யோசனையாகிறது. அவர் பார்த்த ஐந்தரை வயதுப் பிள்ளை ஒன்று டிராம் வரையும்போது பென்சில் ஒடிந்தது. ‘உடைஞ்சிருச்சு’ என்று முனகிவிட்டு, வாட்டர்கலரை எடுத்து விபத்தில் உடைந்த டிராமாகவே அதை வரைந்துவிட்டது.

முணுமுணுப்பா, அரட்டையா என்று சந்தேகம் வந்தால் பிள்ளையின் கண்ணைப் பாருங்கள். சிலேட்டில் இருந்தால் விட்டுவிடுங்கள், ஹெச்.எம். வாசலில் நின்றாலும்.

ஓடிப்போய்ப் பதில் சொல்வது

‘சிவப்பு மூடி எங்க போச்சு?’ என்று கேட்பது உங்களை இல்லை. பத்து வரை எண்ணுங்கள். அதற்குள் பாயைத் தூக்கிப் பார்த்து அதுவே எடுத்துவிடும். நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்த்தால் உதவலாம்.

போனில் வீடியோ எடுப்பது

வேண்டாம்.

மந்திரிக்கக் கூட்டிப்போவது

தனியாகப் பேசுகிறாள், காத்துக் கருப்பு பட்டிருக்கும் என்று ஒரு பாட்டி பேத்தியை வேப்பிலை அடிக்கக் கூட்டிப்போனார். மறுநாள் அவள் வகுப்பில் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு, ‘ஆடாத… இன்னும் ஒரு தடவ… அவ்ளோதான்’ என்று பேசிக்கொண்டே பொம்மைக்கு வேப்பிலை அடித்துக்கொண்டிருந்தாள்.