குழுவாக ஒரு கலை நிறுவல்: முதல் முறை செய்பவர்களுக்கான வழிகாட்டி

உள்ளே நடந்து, தொட்டு, கேட்டு, முகர்ந்து அனுபவிக்கும் கலை நிறுவலை உருவாக்க ஓவியப் பயிற்சியோ பெரும் பணமோ வேண்டியதில்லை. ஒருவர் பேச்சை மற்றவர் கேட்கும் ஒரு குழு வேண்டும். எங்கள் குழுவில் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள், ஒரு தமிழாசிரியர், ஒலிப்பதிவில் ஆர்வமுள்ள ஓர் அண்ணன், பணி ஓய்வு பெற்ற மின்பணியாளர் ஒருவர் என்று பல வயதினர் இருந்தோம். சிங்கப்பூரின் பழைய சலவைத் தொழிலாளர்களைப் பற்றி, ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் நிறுவலை அமைத்தோம். அதையே எடுத்துக்காட்டாகக் கொண்டு ஒவ்வொரு படியையும் சொல்கிறேன்.

படி 1: கருவை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

மூன்று ரயில் தடங்கள் சந்திக்கும் டோபி காட் நிலையத்தை நாள்தோறும் எத்தனையோ பேர் கடக்கிறார்கள். இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் அங்கே ஓடிய பிராஸ் பசா ஓடையில் துணி துவைத்து, அருகில் இருந்த வெளியில் காயப்போட்டதால் வந்த பெயர் அது; டோபி என்றால் சலவைத் தொழிலாளி. அந்த ஓடைதான் இன்றைய ஸ்டாம்ஃபர்ட் கால்வாய். எங்கள் வாக்கியம் இது: “காயும் துணிகளுக்கு நடுவே நடப்பவருக்கு, அவற்றைத் துவைத்தவரின் நினைவு வர வேண்டும்.”

யார் எந்த யோசனை சொன்னாலும் இந்த வாக்கியத்தோடு ஒட்டிப் பாருங்கள். ஒட்டாவிட்டால் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். தரை முழுவதும் நீல விளக்குகளால் ஓடையைக் காட்டலாம் என்று மாணவர்கள் சொன்னார்கள். கண்ணைப் பறித்திருக்கும், ஆனால் துவைத்தவர் மறைந்து போயிருப்பார். யோசனையைத் தள்ளியது வாக்கியம்தான் என்பதால் யாருக்கும் மனவருத்தம் வரவில்லை.

வரலாற்றுக் கருவை எடுத்தால் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையத்தில் தேடுங்கள். 1979 முதல் பதிவுசெய்து வரும் நேர்காணல்களில் பலவற்றை இணையத்திலேயே கேட்கலாம்.

படி 2: இடமும் அனுமதியும்

கீழ்த்தளம் என்றால் முதலில் நகர மன்றத்தின் அனுமதி. குடியிருப்பாளர்கள் வந்துபோகும் வழியையும் அவசரக்கால வழியையும் மறைக்கக் கூடாது. குழாய், விளக்கு, மின்கம்பி எதிலும் கயிறு கட்டக் கூடாது. தானாக நிற்கும் தாங்கிகளைப் பயன்படுத்துங்கள். துணி தொங்கவிடுவதாக இருந்தால் எளிதில் தீப்பிடிக்காதபடி மருந்து ஏற்றிய துணியா என்று கடையில் கேட்டு வாங்குங்கள். இங்கே ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஏழு மணிக்குத்தான் சூரியன் மறைகிறது. எனவே திறந்த இடத்தில் ஒளிக்காட்சி ஏழரைக்குப் பிறகுதான் எடுபடும்.

படி 3: தரையில் நாடா ஒட்டி நடந்து பாருங்கள்

எதையும் வாங்குவதற்கு முன்பு பார்வையாளர் நடக்கும் பாதையைத் தரையில் ஒட்டுநாடாவால் குறியுங்கள். சக்கர நாற்காலி தடையின்றிச் செல்ல 1.2 மீட்டர் அகலமாவது வேண்டும். குழுவினர் ஒவ்வொருவரும் தனியாக நடக்கட்டும். எங்கே வேகம் குறைகிறது, எங்கே தலை திரும்புகிறது என்று மற்றவர்கள் குறித்துக்கொள்ளட்டும்.

மெரினா பேயில் உள்ள கலை அறிவியல் அரும்பொருளகத்தில் ஜப்பானின் டீம்லேப் குழு 2016இல் அமைத்த ஒளியுலகத்தைப் பார்த்தவர்கள் பலர் இருப்பீர்கள். இத்தகைய இடத்துக்குக் குழுவாகப் போனால் விளக்குகளை விட்டுவிட்டு மனிதர்களைப் பாருங்கள். யார் எங்கே உட்காருகிறார்கள், எந்த இடத்தில் குழந்தை அம்மாவின் கையை உதறுகிறது என்பதில் உங்களுக்கான பாடம் இருக்கிறது.

படி 4: துணியும் ஒளியும்

துணிகளை மூங்கில் கழிகளில் தொங்கவிட்டோம். வீவக சன்னல்களில் துணி காயப்போடும் அதே கழிகள்தான். பருத்தி வேட்டிக்குக் கஞ்சி போட்டுக் காயவைத்தால் சுருக்கமில்லாமல் விழும், அதன்மேல் வீழ்த்தும் ஒளிக்காட்சியும் தெளிவாகத் தெரியும்.

ஒளிவீழ்த்தி (புரொஜெக்டர்) வாங்கும்போதும் இரவல் கேட்கும்போதும் வீழ்த்து விகிதத்தைக் கேளுங்கள். கருவிக்கும் துணிக்கும் உள்ள தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் வருவது அது. விகிதம் 1.5 என்றால் இரண்டு மீட்டர் அகலப் படத்துக்கு மூன்று மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். இடம் குறைவென்றால் 0.5 விகிதக் கருவி ஒரு மீட்டரிலேயே அந்த அகலத்தைத் தரும்.

மெல்லிய துணியில் விழும் ஒளியில் ஒரு பங்குதான் அங்கே தங்கும். மீதி ஊடுருவிப் பின்னால் உள்ள துணியில் விழும். அப்படிப் போகப்போகப் படம் பெரிதாகும், மங்கும். துவைக்கும் கைகளின் காட்சியை இப்படி மூன்று வேட்டிகளில் விழவைத்தோம். முதல் வேட்டியில் நரம்பும் நகமும் தெரிந்தன. மூன்றாவதில் ஏதோ அசைகிறது என்ற அளவுதான். இந்த விளைவுக்குக் கூடுதல் கருவி எதுவும் தேவைப்படவில்லை. துணிகளுக்கு இடையே அரை மீட்டர் இடைவெளி போதுமானதாக இருந்தது. கருவியை உயரத்தில் வைத்துக் கீழ்நோக்கிச் சாய்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் துணி வழியாக அதன் வெளிச்சம் பார்வையாளரின் கண்ணைக் கூசச் செய்யும்.

வேட்டி ஓரங்களில் சலவைக்குறி போட்டோம். எந்தத் துணி எந்த வீட்டுடையது என்று அறிய, சலவைத் தொழிலாளர்கள் சேங்கொட்டைச் சாற்றால் போட்ட புள்ளிகளும் கோடுகளும் அவை. அந்தச் சாறு தோலில் பட்டால் கொப்புளம் உண்டாகும் என்பதால் துணியில் எழுதும் சாதாரணப் பேனாவால்தான் நாங்கள் போட்டோம்.

படி 5: ஒலியும் மணமும்

ஈரத் துணியைச் சிமெண்டுத் தரையில் அடித்துக் கைப்பேசியில் பதிவுசெய்தாலே நல்ல ஒலி கிடைக்கும். இரண்டு ஒலிபெருக்கிகளில் வெவ்வேறு நீளமுள்ள பதிவுகளை ஓடவிடுங்கள். ஒன்று 40 விநாடி, மற்றது 55 விநாடி என்றால், இரண்டும் ஒன்றாகத் தொடங்கும் கணம் 440 விநாடிக்கு ஒரு முறைதான் வரும். கேட்பவருக்கு ஒலி திரும்பத் திரும்ப வருவதாகத் தோன்றாது. ஒலிபெருக்கியைத் துவைகல்லின் உயரத்தில் வையுங்கள். மேல்மாடியில் குழந்தைகள் உறங்குவதை மறக்க வேண்டாம்.

மணத்துக்குக் கட்டிச் சவர்க்காரம் போதும். வாசனைத் தெளிப்பான் சிலருக்கு மூச்சுத்திணறலை உண்டாக்கும். கம்பி, உணரி (சென்சார்) போன்ற சில்லறைப் பொருள்கள் மின்னணுப் பொருள் கடைகள் உள்ள சிம் லிம் டவரில் கிடைக்கும். 230 வோல்ட் மின்இணைப்பு வேலையை மட்டும் உரிமம் பெற்றவரிடம் விட்டுவிடுங்கள்.

படி 6: கழற்றுவதற்கு முன் மீள்நோக்கு

பெரும்பாலான குழுக்கள் எல்லாவற்றையும் மூட்டை கட்டிய பிறகு, சாப்பிட்டுக்கொண்டே “நன்றாக இருந்தது” என்று பேசிக் கலைகின்றன. இது எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது. நிறுவல் இன்னும் நிற்கும்போதே, அதற்குள்ளேயே வட்டமாக உட்காருங்கள். முதல் சுற்றில் கருத்துக்கு இடமில்லை: ஒவ்வொருவரும் தாம் கண்ட ஒரு பார்வையாளரின் ஒரு செயலை மட்டும் சொல்ல வேண்டும்.

தமிழாசிரியர் ஒரு பாட்டியைப் பற்றிச் சொன்னார். அந்தப் பாட்டி ஒளிக்காட்சியை ஏறிட்டும் பார்க்கவில்லையாம். நேராக வேட்டியின் ஓரத்தைப் பிடித்து, விரலால் மடிப்பைப் புரட்டிக் குறியைத் தேடினாராம். கண்டதும் அருகில் நின்ற பேரனிடம், “எங்கள் வீட்டுக் குறி மூன்று புள்ளி” என்றாராம். ஒலிப்பதிவு செய்த அண்ணனோ, துணி அடிக்கும் ஓசைக்கு ஏற்பக் கைதட்டிய ஒரு சிறுவனைச் சொன்னார்.

செயல்கள் வரிசையாக வந்தபின், அவற்றை முதல் வாக்கியத்தோடு ஒப்பிட்டு, எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது, எதை நீக்குவது என்று முடிவெடுங்கள். பின்னணியில் ஒரு குரல் வரலாற்றைச் சொல்ல வேண்டுமா என்பதில் எங்களுக்குள் நீண்ட நாள் கருத்து வேறுபாடு. பாட்டியும் சிறுவனும் அதை முடித்துவைத்தார்கள்: குரல் வேண்டாம், குறியிட்ட துணிகள் கைக்கு எட்டும் உயரத்தில் இன்னும் கூடுதலாக வேண்டும். இளையவர்கள் முதலில் பேசட்டும். பெரியவர்கள் தொடங்கிவிட்டால் நம் பிள்ளைகள் மரியாதைக்காக வாய்மூடிவிடுவார்கள்.

பேசியதை அன்றைக்கே எழுதி, அளவுகளோடு கூடிய தரைப்படம், ஒலிக்கோப்புகள், அனுமதிக் கடிதங்கள், செலவுக் கணக்கு ஆகியவற்றோடு ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள். அதன் பிறகு ஏணியைக் கொண்டுவந்து துணிகளை இறக்கலாம்.