இங்கிலீஷ்ல அந்த 'எஸ்' எங்க போடணும்? பென்சில் வச்சு பழகுற முறை

பினாங்குல எஸ்பிஎம் 1119க்கு, அதான் மலேசியாவுல ஸ்கூல் கடைசில எழுதுற எஸ்பிஎம் பரீட்சையோட இங்கிலீஷ் பேப்பருக்குத் தயாராகுற நம்ம பிள்ளைங்க கட்டுரைய எடுத்துப் பாருங்க, ஐடியா நல்லாருக்கும், சொல்ல வந்தது புரியும், ஆனா வினைச்சொல்லு கடைசில 'எஸ்' இல்லாம வரிக்கு வரி சிவப்பு மை. தமிழ்ல அவன் போறான், அவ போறா, அவங்க போறாங்கன்னு வினை தானா மாறிடும். மலாய்ல 'டியா பெர்கி', 'மெரெக்கா பெர்கி', ஒண்ணும் மாறாது. நாள் பூரா மலாய்ல பேசிட்டு இங்கிலீஷ் எழுத உக்காந்தா 'ஷி கோ'ன்னுதான் கைக்கு வரும். அதனால தமிழ் காத தொறந்து வச்சுக்கிட்டு பழகுங்க.

முதல்ல ப்ரெசென்ட் டென்ஸ். 'எஸ்' பெரும்பாலும் ஒரு பக்கந்தான் நிக்கும். 'தி கேர்ள் ரன்ஸ்', 'தி கேர்ள்ஸ் ரன்'. ஐ, யூ, சில்ட்ரன், பீப்பல் வந்தா ரெண்டு பக்கமும் கெடையாது. கேன், வில், மஸ்ட் பின்னாடியும் வராது. கேள்வில 'எஸ்' முன்னாடி ஓடிடும்: 'டஸ் ஷி ஒர்க்?', 'ஒர்க்ஸ்' இல்ல.

அடுத்ததுதான் எல்லாரும் சறுக்குற எடம், இங்க நிதானமா வாங்க. 'தி ப்ரைஸ் ஆஃப் பாலிக் புலாவ் துரியன்ஸ்'னு (பாலிக் புலாவ் ஊரு துரியன் பழத்தோட வெல) எழுதிட்டு அப்புறம் இஸ்ஸா ஆரா? கண்ணு பக்கத்துல இருக்குற துரியன்ஸ பாத்து 'ஆர்' போட்டுடும். பென்சில எடுத்து 'ஆஃப்'ல இருந்து துரியன்ஸ் வரைக்கும் அடிச்சிடுங்க. மிச்சம் 'தி ப்ரைஸ்', அது ஒண்ணுதானே, அப்ப 'இஸ்'. 'ஒன் ஆஃப் மை கசின்ஸ் ஒர்க்ஸ் இன் பட்டர்வொர்த்'தும் அப்படித்தான், வேலை பாக்குறது ஒரு ஆளு. 'வித்', 'அலாங் வித்', 'அஸ் வெல் அஸ்' கூட வர்றதையும் அடிங்க. 'அண்ட்' மட்டும் அடிக்காதீங்க, அங்க ரெண்டு பேரும் சேந்து 'ஆர்'.

பழகுறதுக்கு டிக் போடுற ஒர்க்புக் எனக்கு பிடிக்காது, கோடு போட்டு எடத்த அவங்களே காட்டிடுவாங்க, பரீட்சை கட்டுரைல யாரு காட்டுவா? 1971ல நம்ம பினாங்குல ஆரம்பிச்ச தி ஸ்டார் பேப்பரே போதும். நியூஸ் பக்கம் வேணாம், முக்கால்வாசி பாஸ்ட் டென்ஸ், வாஸ், வேர் தவிர எதுவும் மாறாது. சாப்பாடு, ஹெல்த் பக்கத்துல ஒரு பத்தி எடுத்து வினைக்கு ஒரு கலர், அதுக்கு சொந்தக்கார பேருக்கு ஒரு கலர்னு கோடு போடுங்க, அப்புறம் ஒருமைய பன்மையாக்கி அதே பத்திய கையால திருப்பி எழுதுங்க. டைப் பண்ணாதீங்க, போன் தானா திருத்திடும்.

அப்டேட்: 'எ லாட் ஆஃப் துரியன்ஸ்'ஸ அடிச்சா தப்பா வருதேன்னு கேக்குறாங்க. கரெக்ட்தான். எ லாட், சம், மோஸ்ட், ஆல் மாதிரி அளவு சொல்ற வார்த்தைன்னா அடிக்கக்கூடாது, 'ஆஃப்'க்கு பின்னாடி பாக்கணும். 'மோஸ்ட் ஆஃப் தி ரைஸ் இஸ்', 'மோஸ்ட் ஆஃப் தி துரியன்ஸ் ஆர்'.