கேப் வெர்டே அணியின் வாய்ப்பைக் கணிப்புச் சந்தை விலையிலிருந்து படிப்பது எப்படி

2025 அக்டோபர் 13 அன்று தன் தலைநகர் பிரையாவில் எஸ்வாட்டினியை 3-0 என்று வென்ற ஆப்பிரிக்கத் தீவு நாடான கேப் வெர்டே, முதன்முறையாக உலகக் கோப்பைக் கால்பந்துக்குத் தகுதி பெற்றது. பத்துத் தீவுகளும் ஐந்து லட்சத்தைச் சற்றே தாண்டிய மக்கள்தொகையும் கொண்ட அந்நாடு, அமெரிக்கா, கனடா, மெக்சிகோ நாடுகளில் நடக்கும் 2026 போட்டியில் ஸ்பெயின், உருகுவே, சவூதி அரேபியா ஆகியவற்றுடன் எச் பிரிவில் இடம்பெற்றுள்ளது. இப்படிப்பட்ட அணியைப் பற்றிப் பாலிமார்க்கெட், கல்ஷி போன்ற கணிப்புச் சந்தைகள் (ஒரு நிகழ்வு நடக்குமா என்பதை ஒட்டிய ஒப்பந்தங்களை வாங்கி விற்கும் இணையத் தளங்கள்) காட்டும் விலைகளில் எதை நம்பலாம், எதைக் கடந்து செல்லலாம் என்பதை இங்கே பார்ப்போம். விலையைப் படிப்பது வேறு, பணம் கட்டுவது வேறு. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை இந்தியா 2025-இல் சட்டம் இயற்றித் தடை செய்துள்ளதால், இந்தியாவில் இருப்பவர்களுக்கு இது படிப்பதற்கான வழிகாட்டி மட்டுமே.

அடிப்படை எளிது. ‘ஸ்பெயினை கேப் வெர்டே வெல்லுமா’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்னும் ஒப்பந்தம் ஒன்று உண்டு. வென்றால் அதற்கு ஒரு டாலர் கிடைக்கும், இல்லையேல் ஒன்றும் கிடைக்காது. அது 4 சென்டுக்கு விற்றால், சந்தை அந்த வெற்றிக்கு ஏறத்தாழ 4 சதவீத நிகழ்தகவு தருகிறது என்று பொருள். (இக்கட்டுரையில் வரும் விலைகள் யாவும் கணக்கு விளங்குவதற்காக நான் வைத்துக்கொண்டவை, அன்றைய விலையை நீங்களே பார்த்துப் பொருத்திக்கொள்ள வேண்டும்.) கடைசியாக நடந்த விற்பனையின் விலையை எடுத்துக்கொள்ளாமல், வாங்குவோர் தர முன்வரும் உச்ச விலைக்கும் விற்போர் கேட்கும் குறைந்த விலைக்கும் நடுவிலுள்ள எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பலர் கவனிக்காத அணிகளின் சந்தையில் இந்த இரண்டுக்கும் இடையே இரண்டு மூன்று சென்ட் இடைவெளி இருக்கக்கூடும். 4 சதவீதம் என்று நாம் பேசும் இடத்தில் அந்த இடைவெளி சிறியதன்று.

பந்தய நிறுவனங்களின் தசம விகிதத்துடன் (ஒரு டாலர் கட்டி வென்றால் மொத்தம் திரும்பக் கிடைக்கும் தொகை) ஒப்பிட விரும்பினால், ஒன்றை அந்த விகிதத்தால் வகுக்க வேண்டும். ஸ்பெயின் வெற்றிக்கு 1.10, சமநிலைக்கு 9.5, கேப் வெர்டே வெற்றிக்கு 26 என்றிருந்தால், கிடைக்கும் சதவீதங்கள் 90.9, 10.5, 3.8. இவற்றின் கூட்டுத்தொகை 105-ஐத் தாண்டுகிறது. 100-க்கு மேற்பட்டது நிறுவனத்தின் லாபம். ஆகவே 3.8-ஐ 105.3-ஆல் வகுத்தால் வரும் 3.6 சதவீதமே அந்த விகிதம் உண்மையில் சொல்வது.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். செய்திகளில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது ‘கோப்பையை வெல்லுமா’ என்ற சந்தையின் விலை. சிறிய அணியைப் பொறுத்தவரை மிகக் குறைந்த தகவல் தரும் விலையும் அதுதான். அந்த ஒப்பந்தம் 0.3 சென்டுக்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். உண்மையான வாய்ப்பு அதில் பத்தில் ஒரு பங்குதான் என்று உறுதியாக அறிந்த ஒருவர் அதைத் திருத்த வேண்டுமானால், 99.7 சென்ட் கொடுத்து ‘இல்லை’ ஒப்பந்தத்தை (அணி வெல்லாவிட்டால் ஒரு டாலர் தருவது) வாங்கி, போட்டி முடியும் வரை பல மாதங்கள் அந்தப் பணத்தை முடக்க வேண்டும். கிடைக்கும் லாபமோ 0.3 சென்ட். வங்கி வட்டியே அதைவிட அதிகம் என்பதால் யாரும் அந்த வேலையைச் செய்வதில்லை. போதாக்குறைக்கு, நாட்டுப்பற்றாலும் ஆசையாலும் சில டாலர்கள் போட்டு ‘ஆம்’ வாங்குவோர் எப்போதும் இருக்கிறார்கள். அதனால் வாய்ப்பு மிகக் குறைந்த அணிகளின் விலை உண்மையைவிட மேலேயே மிதந்துகொண்டிருக்கும். அந்த எண் இரட்டிப்பானது என்று யாராவது பரபரப்பாகச் சொன்னாலும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பார்க்க வேண்டிய விலை, ‘பிரிவுச் சுற்றைத் தாண்டுமா’ என்பதற்கானது. 48 அணிகள் 12 பிரிவுகளாக ஆடும் இப்போட்டியில், ஒவ்வொரு பிரிவிலும் முதல் இரண்டு அணிகளுடன், மூன்றாம் இடம் பெற்றவற்றில் சிறந்த எட்டு அணிகளும் அடுத்த சுற்றுக்குச் செல்கின்றன. அதாவது மூன்றில் இரண்டு பங்கு அணிகள் தப்பிவிடும். 24 அணிகள் ஆடிய 2016, 2020, 2024 யூரோ (ஐரோப்பிய நாடுகளின் கால்பந்துக் கோப்பை) போட்டிகளிலும் இதே விகிதம்தான் இருந்தது. அவற்றில் நான்கு புள்ளிகளுடன் மூன்றாம் இடம் பிடித்த எந்த அணியும் வெளியேறவில்லை. மூன்று புள்ளிகளுடன் மூன்றாம் இடம் பிடித்த ஒன்பது அணிகளில் நான்கு தப்பின. அந்த நான்கில் ஒன்றான போர்ச்சுகல், 2016-இல் பிரிவு ஆட்டங்கள் மூன்றையும் சமன் செய்துவிட்டுக் கடைசியில் கோப்பையையே வென்றது.

இந்தச் சந்தையின் விலை சரியா என்று நீங்களே சோதிக்கலாம். ஸ்பெயினுக்கு எதிராக வெற்றி 4, சமநிலை 11. உருகுவேக்கு எதிராக 16, 25. சவூதிக்கு எதிராக 35, 29 சதவீதம் என்று தனி ஆட்டச் சந்தைகள் சொல்வதாகக் கொள்வோம். மூன்று ஆட்டங்களுக்கும் சாத்தியமான 27 முடிவுச் சேர்க்கைகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றின் சதவீதங்களையும் பெருக்கிக் கூட்டினால், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட புள்ளிகள் பெறும் வாய்ப்பு 24 சதவீதமும், சரியாக மூன்று புள்ளிகள் பெறும் வாய்ப்பு 24 சதவீதமும் வரும். மூன்று புள்ளி பெறும் பத்து சந்தர்ப்பங்களில் நான்கில் அணி தப்பும் என்று வைத்தால், மொத்தம் சுமார் 34 சதவீதம். ஸ்பெயினை வெல்ல இருபத்தைந்தில் ஒரு வாய்ப்பு மட்டுமே உண்டென்று பார்க்கப்படும் அணிக்கு, அடுத்த சுற்றுக்குச் செல்ல மூன்றில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. சந்தை விலை உங்கள் கணக்கிலிருந்து ஐந்தாறு சென்ட் விலகியிருந்தால், முதலில் உங்கள் கணக்கைச் சந்தேகியுங்கள். அதன் பிறகு சந்தையைச் சந்தேகிக்கலாம்.

ஒப்பந்தத்தின் விதியைப் படிக்காமல் எந்த விலைக்கும் பொருள் சொல்ல முடியாது. 2024 பிப்ரவரி 3 அன்று நடந்த ஆப்பிரிக்கக் கோப்பைக் காலிறுதியில் கேப் வெர்டேயும் தென்னாப்பிரிக்காவும் கோலின்றிச் சமன் செய்தன. பெனால்டியில் தென்னாப்பிரிக்கா 2-1 என்று வென்றது, அதன் கோல்காப்பாளர் ரோன்வென் வில்லியம்ஸ் நான்கு உதைகளைத் தடுத்தார். 90 நிமிட முடிவைக் கேட்கும் ஒப்பந்தத்துக்கு அது சமநிலை. ‘யார் முன்னேறுவார்’ என்று கேட்கும் ஒப்பந்தத்துக்கு கேப் வெர்டேயின் தோல்வி. நாக் அவுட் சுற்றுகளில் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம்.

அணியைப் பற்றிய சான்றுகளை எடைபோடும்போது இனிய கதைகளில் மயங்காதீர்கள். பூபிஸ்தா பயிற்றுவிக்கும் இந்த அணி, தகுதிச் சுற்றில் பிரையாவில் கேமரூனை 1-0 என்று வென்று பிரிவில் முதலிடம் பெற்றது உண்மை. அதே கேமரூனிடம் யாவுண்டேயில் 4-1 என்று தோற்றதும் உண்மை. 2025 ஆப்பிரிக்கக் கோப்பைக்குத் தகுதி பெறவே அது தவறிவிட்டது. உலகக் கோப்பையில் அதற்குச் சொந்த மைதானம் கிடையாது என்பதால், பிரையாவில் கிடைத்த முடிவுகளுக்குச் சற்றுக் குறைந்த எடை கொடுப்பதே சரி என்பது என் கருத்து.

கடைசியாக, விலை அசையும் நேரத்தைக் கவனியுங்கள். அட்டவணைப்படி கேப் வெர்டேயின் முதல் ஆட்டம் ஜூன் 15 அன்று அட்லாண்டாவில் ஸ்பெயினுடன். அதில் தோற்றால், மேலே வைத்த எண்களின்படி அடுத்த சுற்று வாய்ப்பு 34-இலிருந்து 30 சதவீதத்துக்குத்தான் இறங்க வேண்டும். ஏனெனில் அந்தத் தோல்வி ஏற்கெனவே விலைக்குள் இருந்தது. விலை 22-க்குச் சரிந்திருந்தால் காரணத்தைத் தேடுங்கள்: தோல்வி 1-0 ஆக இருந்தால் அது பெரும்பாலும் பதற்றம், 5-0 ஆக இருந்தால், மூன்றாம் இட அணிகள் புள்ளி சமமானால் கோல் வித்தியாசத்தால் தரவரிசைப்படுத்தப்படும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். 2020 யூரோவில் மூன்று புள்ளிகளுடன் மூன்றாம் இடத்தில் முடித்த உக்ரைன் கழித்தல் 1 என்ற கோல் வித்தியாசத்தோடு முன்னேறியது. அதே மூன்று புள்ளிகளை வைத்திருந்த ஸ்லோவாக்கியா கழித்தல் 5 என்பதால் வீடு திரும்பியது.