பெரியவர்களைப் பேட்டி எடுக்கும்போது செய்யக்கூடாதவை

சிறப்புக் கட்டுரைப் பக்கத்துக்கு எழுத வரும் இளையர்கள், அந்த வயதில் நாங்கள் செய்த அதே தவறுகளோடுதான் வருகிறார்கள். எழுத்துப்பிழை, ஒற்றுப்பிழையை விட்டுவிடுகிறேன். அவற்றைத் திருத்த ஆள் இருக்கிறது. யார் கண்ணிலும் படாமல் அச்சாகிவிடும் தவறுகள்தான் என் கவலை.

சொன்ன ஆண்டை அப்படியே எழுதுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். சிங்கப்பூரின் செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த ஒரு தாத்தா, "அறுபத்தஞ்சுல வெள்ளைக்காரன் போறேன்னுட்டான், எங்க வேலையும் போச்சு" என்றார். நிருபரும் அப்படியே எழுதிவிட்டார். 1965 சிங்கப்பூர் தனிநாடான ஆண்டு. 1971க்குள் படைகளை மீட்டுக்கொள்வதாக பிரிட்டன் அறிவித்தது 1968 ஜனவரியில். தளத்தின் கப்பல் பட்டறை அரசாங்கத்தின் கைக்கு வந்ததும் அந்த ஆண்டின் கடைசியில்தான்.

தாத்தா பொய் சொல்லவில்லை. வேலை போனது அவர் வாழ்க்கையில் பெரிய விஷயம், நாடு பிரிந்தது ஊருக்கே பெரிய விஷயம். வயதான பிறகு இரண்டும் ஒரே ஆண்டாகிவிடுகின்றன. சரிபார்க்க வேண்டியது நாம்.

பத்திரிகையில் வந்துவிட்டால் அதுவே ஆதாரம். சங்க ஆண்டுமலர் அதை எடுக்கும், மாணவர் பள்ளித் திட்டப்பணிக்கு எடுப்பார். மறுநாள் மூலையில் போடும் திருத்தத்தை யார் பார்க்கிறார்கள்? ஒரு பெரியவரின் இறுதிச்சடங்கில் பிள்ளைகள் வாசித்த வாழ்க்கைக் குறிப்பில், எங்கள் பக்கத்தில் வந்த தவறான ஆண்டே இருந்தது. அந்த இடத்தில் போய் என்ன சொல்வது?

"எந்த வருஷம்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "புக்கிட் ஹோ சுவீ தீக்கு முன்னாலயா? கலவரத்துல ஊரடங்கு போட்டப்போ எங்க இருந்தீங்க? மூத்த பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சாச்சா?" என்று கேளுங்கள். 1961 தீயையும் 1964 கலவரத்தையும் அந்தத் தலைமுறை மறக்கவில்லை. அப்புறம், தேசிய நூலகத்தின் இணையத்தளத்தில் பழைய தமிழ் முரசு இதழ்கள் இருக்கின்றன. 1935இல் தொடங்கிய நாளிதழ் அது. தேதி வாரியாகப் புரட்டிப் பாருங்கள்.

விருதுப் பட்டியல்

வாங்கிய விருதுகளை வரிசையாக எழுதினால் அது பேட்டி ஆகாது.

பழைய படங்கள்

கடன் வாங்காதீர்கள். அவர் வீட்டிலேயே கைப்பேசியில் படமெடுத்துவிட்டு, இடமிருந்து வலமாகப் பெயர்களை அவரையே சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.

பெயரின் முன்னெழுத்து

அவரையே எழுதித் தரச் சொல்லுங்கள்.

அச்சுக்குப் போகுமுன்

முழுக் கட்டுரையையும் காட்ட வேண்டியதில்லை. ஆண்டு, பெயர், இடம் மூன்றையும் தொலைபேசியில் வாசித்துக் காட்டுங்கள். மகனோ மகளோ பக்கத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து அழைப்பது நல்லது.